வீட்டுச் சாப்பாட்டை நாய்க்குப் போடலாமா? எது உணவு, எது விஷம்?

ஆட்டுப்பட்டிக்குக் காவல், தோட்டத்துக்குக் காவல், ராத்திரியில் வீட்டு வாசலுக்கும் காவல். இத்தனை வேலை பார்க்கும் நாய்க்கு நம் கிராமங்களில் கிடைக்கும் சம்பளம் மிச்சச் சோறுதான். கடையில் விற்கும் நாய்த்தீவனத்தை மூட்டையாக வாங்கிப் போட எல்லோராலும் முடியாது. அப்படிப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாய் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, நம் சாப்பாட்டுக்குப் பழகிய பிராணி. ஓநாயால் மாவுச்சத்தை அவ்வளவாகச் செரிக்க முடியாது, நாயால் நன்றாகச் செரிக்க முடியும் என்பதை 2013-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மரபணு ஆய்வில் உறுதி செய்தார்கள். எனவே சோறும் களியும் கூழும் நாய்க்கு ஆகும்.

சிக்கல் சோற்றில் இல்லை. சோற்றின் மேல் நாம் ஊற்றும் குழம்பிலும், தட்டில் ஒதுக்கி வைக்கும் சக்கையிலும் எலும்பிலும், களத்தில் கொட்டிக் கிடக்கும் விளைபொருளிலும்தான் இருக்கிறது. நமக்கு மருந்தாக இருக்கும் பூண்டு நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும். குழந்தைக்கு வாங்கி வரும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எவை அவை, எவ்வளவு போனால் ஆபத்து, தெரியாமல் தின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

"இத்தனை வருஷமா குழம்புச் சோறுதானே தின்னுது?"

இதைப் படிக்கும் பலருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. விஷம் என்பது அளவைப் பொறுத்தது. 25 கிலோ எடையுள்ள நாய் இரண்டு வாய் சாம்பார் சோறு தின்றால் வெளியில் தெரியும்படி ஒன்றும் ஆகாது. அதே வீட்டில் இருக்கும் 5 கிலோ குட்டி, குழம்புச் சட்டியின் அடியில் தங்கிய வெங்காயத்தையும் பூண்டையும் வழித்துத் தின்றால் கதை வேறு. விருந்து முடிந்து மொத்தமாகக் கொட்டும் நாளும் அப்படித்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் நாய் சோர்ந்து, மெலிந்து போகும். நாமோ வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

வெங்காயம், பூண்டு

நம் சமையலில் இவை இல்லாத குழம்பு குறைவு என்பதால் முதலில் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கி உடைக்கின்றன. வேகவைத்தாலும், வதக்கினாலும், காயவைத்துப் பொடியாக்கினாலும் இந்த நஞ்சு போவதில்லை. பொடியில் இன்னும் செறிவாகவே இருக்கும். பூண்டு வெங்காயத்தைவிட வீரியம் கூடியது.

நாயின் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனால் பாதிப்பு வரும் என்பது கால்நடை மருத்துவத்தில் சொல்லப்படும் கணக்கு. 15 கிலோ நாய்க்கு இது 75 கிராம். அதாவது ஒரு பெரிய வெங்காயம், அல்லது எட்டுப் பத்து சின்ன வெங்காயம் போதும்.

இதில் இன்னொரு தந்திரம் உண்டு. தின்ற அன்று நாய் வாந்தி எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். உண்மையான பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். ஈறும் கண்ணின் உட்பகுதியும் வெளுத்துவிடும். சிறுநீர் காபி நிறத்தில் போகும். மூச்சு வாங்கும், எழுந்து நடக்கத் தள்ளாடும். அதற்குள் தின்றதை நாம் மறந்திருப்போம். மருத்துவரிடம் போகும்போது மூன்று நாள் முன்பு என்ன தின்றது என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

சின்ன வெங்காயம் பயிரிடும் விவசாயிகள், அறுவடை நேரத்தில் பட்டறைக்கும் கழிவுக் குவியலுக்கும் பக்கத்தில் குட்டி நாய்களை விட வேண்டாம்.

திராட்சையும் புளியும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சைக்குப் பேர் போனது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே மண்ணில்தான் கோம்பை நாயின் சொந்த ஊரும் இருக்கிறது. காவலுக்கு இந்த நாயை நம்பும் தோட்டக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உதிர்ந்து கிடக்கும் திராட்சை நாய்க்கு ஆகாது.

திராட்சைப் பழமும், பாயசத்துக்கும் கேசரிக்கும் போடும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஒரு கிலோ எடைக்கு சுமார் 20 கிராம் பழம், அல்லது சுமார் 3 கிராம் உலர் திராட்சை தின்ற நாய்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. 15 கிலோ நாய்க்கு உலர் திராட்சை 45 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி. ஆனால் இந்தக் கணக்கை நம்பி, அதற்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிக்கும். இன்னொன்று கொஞ்சம் தின்றே விழுந்துவிடும்.

இப்படி ஏன் நடக்கிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அந்த அமிலத்தின் அளவு ரகத்துக்கு ரகம், பழுக்கும் பருவத்துக்குத் தகுந்தபடி மாறும். அதனால்தான் ஒரு நாய் பிழைத்தது, இன்னொன்று செத்தது.

நம் வீட்டுக்கு முக்கியமான சங்கதி இனிமேல்தான் வருகிறது. டார்டாரிக் அமிலம் திராட்சையைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது புளியில். புளியைத் தின்ற நாய்களுக்கும் இதேபோல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அதே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரசத்தில் இரண்டு சொட்டு பட்டதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கெட்டியான புளிக்குழம்பு, புளியோதரை, கரைத்துப் பிழிந்த சக்கை, களத்தில் காயும் புளி ஆகியவற்றை நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

திராட்சையோ புளியோ தின்ற நாய் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். சோறு தின்னாது. அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து, பிறகு நின்றே போகலாம். சிறுநீர் நின்ற பிறகு காப்பாற்றுவது கடினம். வாந்தியோடு நிறுத்திக்கொண்டது என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு நாள் சிரைவழியாக ஏற்றும் திரவமே பல நாய்களைக் காப்பாற்றுகிறது.

சாக்லேட், கோகோ, காபி, டீத்தூள்

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை மனித உடல் சீக்கிரம் வெளியேற்றிவிடும். நாயின் உடலில் அது வெகுநேரம் தங்கும். இதயம் படபடக்கும், நாய் அமைதியில்லாமல் அலையும், உடல் நடுங்கும், முற்றினால் வலிப்பு வரும். பால் சாக்லேட்டில் இது குறைவு. கறுப்புச் சாக்லேட்டிலும் கோகோ பொடியிலும் பல மடங்கு அதிகம். 15 கிலோ நாய்க்கு 150 கிராம் பால் சாக்லேட்டில் ஆரம்பிக்கும் தொந்தரவு, கறுப்புச் சாக்லேட்டில் 50 கிராமிலேயே ஆரம்பித்துவிடலாம்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்குள் ஊடுபயிராகக் கோகோ போட்டிருப்பவர்களுக்கு இது கூடுதல் எச்சரிக்கை. காயவைத்த கோகோ கொட்டையிலும் அதன் தோலிலும் இதே பொருள் இருக்கிறது. வாசனைக்கு ஆசைப்பட்டு நாய் ஒரு கைப்பிடி தின்றாலும் தொந்தரவு வரும். காபித்தூளும் டீத்தூளும் இதே வகைதான். வடிகட்டிய தூளைப் பாலோடும் சர்க்கரையோடும் சேர்த்து வாசலில் கொட்டாதீர்கள்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலை

மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய மக்காச்சோளத்தையும், வாடை அடிக்கும் கடலைப் புண்ணாக்கையும் "நாய்க்குத்தானே" என்று காய்ச்சி ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது மிகவும் தவறு. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அப்ளாடாக்சின் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. மாட்டைவிட நாயை இது கடுமையாகத் தாக்கும். கல்லீரல் கெட்டு, கண் மஞ்சளாகி, ரத்தமாக வெளிக்குப் போய் நாய் சாகும். 2020-ம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த கடைத் தீவனத்தைத் தின்று 100-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகாத தானியம் நாய்க்கும் ஆகாது.

எலும்பு, கொழுப்பு, கொட்டை

கோழிக்கறி எலும்பை நாய்க்குப் போடாத வீடு இல்லை. ஆனால் வேகவைத்த எலும்பு காய்ந்து, கடித்தால் ஊசி போலப் பிளக்கும். தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும், மலக்குடலில் சிமென்ட் போல இறுகி அடைக்கும். கறித்துண்டைக் கொடுங்கள், எலும்பைக் குழியில் புதையுங்கள்.

கிடாவெட்டு முடிந்த மறுநாள் நாய் வாந்தி எடுத்து, முதுகைக் கூனி நிற்கிறதா? கொழுப்பை மொத்தமாகத் தின்றதால் கணையம் வீங்கியிருக்கலாம். அதற்கு உடனே சிகிச்சை வேண்டும்.

மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் நாய்க்கு விளையாட்டுப் பொருள். விழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். பல நேரம் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

உப்பும், சர்க்கரைக்கு மாற்றும்

ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிக அதிகம். இவற்றைத் தின்ற நாய்க்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் மூளை பாதிக்கும். நாயின் தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சூயிங்கத்திலும் சில இனிப்புகளிலும் சைலிட்டால் என்ற பொருள் இருக்கும். நாயின் ரத்தச் சர்க்கரையை இது அரை மணி நேரத்திலேயே சரித்துவிடும்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி

ஆடு அறுக்கும்போது நுரையீரலிலோ ஈரலிலோ நீர் நிறைந்த கட்டிகள் தெரிந்தால், பலரும் அந்தப் பகுதியை வெட்டி நாய்க்கு வீசிவிடுகிறார்கள். அந்தக் கட்டி ஒரு வகை நாடாப்புழுவின் குட்டிகள் இருக்கும் பை. பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அவை புழுவாக வளரும். புழுவின் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி மேய்ச்சல் புல்லிலும் தண்ணீரிலும் கலக்கும். அங்கிருந்து மறுபடி ஆட்டுக்கு, சில சமயம் நாயோடு விளையாடும் குழந்தைக்கும் போய், ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வளரும்.

ஆட்டின் தலையைப் பச்சையாகப் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவதற்கு, மூளையில் வளரும் இப்படிப்பட்ட ஒரு புழுக்கட்டியும் காரணம். அதுவும் நாயின் வழியாகத்தான் பரவுகிறது.

எனவே கட்டி உள்ள உறுப்புகளை ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். நல்ல குடல், ஈரலையும் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு முறை பிராசிகுவான்டல் சேர்ந்த குடற்புழு மாத்திரையை, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

எவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம்?

- சோறு, இட்லி, சப்பாத்தி. உப்பும் தாளிப்பும் இல்லாமல் கொடுக்க வேண்டும்.
- ஆறவைத்த கேழ்வரகுக் களி, கம்பங்கூழ்.
- வேகவைத்த முட்டை. பச்சை முட்டை வேண்டாம்.
- எலும்பு நீக்கிய கோழிக்கறி, முள் நீக்கிய மீன். மசாலா இல்லாமல் வேகவைத்தது.
- தயிர், மோர். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.
- வேகவைத்த பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு.
- வாழைப்பழம், விதை நீக்கிய பப்பாளி, தர்பூசணி. இவற்றைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

வெறும் சோற்றை மட்டும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. வளர்ந்த 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு இப்படிக் கொடுத்துப் பாருங்கள்: சமைத்த சோறு 400 கிராம், வேகவைத்த முட்டை 2, தயிர் ஒரு டம்ளர், வேகவைத்த பூசணி ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். இதைக் காலை, மாலை என இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும். கழுவிக் காயவைத்து நைசாகப் பொடித்த முட்டை ஓடு அரை டீஸ்பூன் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். எலும்பு போடாவிட்டால் சத்து குறையுமே என்ற கவலைக்கு இதுவே பதில்.

விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அதற்குத் தகுந்தபடி அளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். குட்டிகளுக்கும் சினை நாய்க்கும் தேவை வேறு. அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில், செய்யக் கூடாதவை. விஷம் தின்ற நாய்க்குப் புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் ஊற்றுவது கிராமங்களில் வழக்கம். இது வேண்டாம். புளி ஏன் ஆகாது என்று மேலே பார்த்தோம். உப்புத் தண்ணீரே தனி விஷமாகிவிடும். வலுக்கட்டாயமாக ஊற்றும் எந்தத் திரவமும் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கலாம். மயங்கிக் கிடக்கும் நாய்க்கும் வலிப்பு வந்த நாய்க்கும் வாய் வழியாக எதையும் கொடுக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை:

1. வாயில் மீதி இருப்பதை எடுத்துவிட்டு, மிச்சம் கிடப்பதை நாய்க்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.
2. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். உறை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வாந்தி எடுத்திருந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. நாயின் எடையைத் தோராயமாகவாவது தெரிந்து வையுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகும்.
4. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். தின்ற 2 மணி நேரத்துக்குள் போனால், மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து விஷத்தை வெளியேற்ற வாய்ப்பு அதிகம்.

பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணில் அழைத்து வழி கேட்கலாம். ரத்தம் ஏற்றவோ தொடர்ந்து திரவம் ஏற்றவோ தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனை வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தேனி, உடுமலைப்பேட்டை, தலைவாசல் ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு எது பக்கம் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும்

இத்தனை பெயர்களையும் நினைவில் வைத்திருக்க முடியாவிட்டாலும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். நாம் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியதை நாய்க்குப் போடாமல், சமைக்கும்போதே அதன் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். குழம்பு சேரும் முன் சோறு, மசாலா சேரும் முன் ஒரு துண்டு கறி, தாளிக்கும் முன் கொஞ்சம் காய். செலவு கூடாது, வேலையும் கூடாது. வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, எலும்பு ஐந்தும் நாயின் தட்டுக்கு வராமல் நின்றுவிடும்.

வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பாசத்தோடு நாய்க்கு ஊட்டிவிடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.